எடிசனின் சேமக்கலம்

நுழையும் முன்

கோடைக்கால மாலையில் திடீரென மின்சாரம் நின்றுவிடுகிறது. தெருவே இருளில் மூழ்குகிறது. ஆயினும் சில வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் தொடர்ந்து இயங்குகின்றன. அவ்வீடுகளின் மூலையில் இன்வெர்ட்டரும் அதனோடு இணைந்த பேட்டரியும் இருக்கின்றன. பகலில் உள்வாங்கி வைத்த ஆற்றலைப் பேட்டரி இரவில் திருப்பித் தருகிறது. நெல்லைக் குதிரிலும் நீரை ஏரியிலும் சேமிக்க மனிதன் நெடுங்காலத்திற்கு முன்பே கற்றுக்கொண்டான். மின்சாரத்தைச் சேமிப்பதோ அவனுக்கு எளிதில் கைவரவில்லை. அதற்காகத் தம் வாழ்வின் பத்தாண்டுகளைச் செலவிட்ட அறிஞர் ஒருவரின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

இளமைக் காலம்

தாமஸ் ஆல்வா எடிசன் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள மிலான் என்னும் சிற்றூரில் 1847 பிப்ரவரி 11 அன்று பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஏழாவது பிள்ளை, கடைக்குட்டி. அவருக்கு ஏழு வயதானபோது குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹூரான் நகருக்குக் குடிபெயர்ந்தது. எடிசன் பள்ளிக்குச் சென்றது சில மாதங்களே. முன்பு ஆசிரியராகப் பணியாற்றிய தாய் நான்சி, மகனுக்கு வீட்டிலேயே கல்வி புகட்டினார். தாய் வாங்கித் தந்த நூல்களில் கண்ட சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பதே சிறுவனின் விளையாட்டாயிற்று. இளமையிலேயே அவருடைய கேட்கும் திறன் குன்றத் தொடங்கியது. ஆண்டுகள் செல்லச் செல்ல அக்குறை மிகுந்தது. ஆயினும் அதனை அவர் ஒரு தடையாகக் கருதவில்லை.

பன்னிரண்டாம் வயதில் எடிசன் போர்ட் ஹூரானுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே ஓடிய தொடர்வண்டியில் செய்தித்தாளும் தின்பண்டமும் விற்கத் தொடங்கினார். ஈட்டிய பணத்தில் வேதிப்பொருள்களை வாங்கினார். சரக்குப் பெட்டியின் ஒரு மூலையிலேயே சிறு ஆய்வகம் ஒன்றையும் அமைத்துக்கொண்டார்.

1862 ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு செயல் அவருடைய வாழ்வின் திசையை மாற்றியது. ஒரு நிலையத்தின் தண்டவாளத்தில் சிறு குழந்தையொன்று விளையாடிக்கொண்டிருந்தது. சரக்குப் பெட்டி ஒன்று அக்குழந்தையை நோக்கி உருண்டு வந்தது. அதனைக் கண்ட எடிசன் பாய்ந்து சென்று குழந்தையைத் தூக்கிக் காப்பாற்றினார். குழந்தையின் தந்தை அந்நிலையத்தின் அதிகாரி. நன்றிக்கடனாக அவர் எடிசனுக்குத் தந்தி அனுப்பும் கலையைக் கற்பித்தார்.

சிந்திய அமிலம்

அந்நாளில் மின்சாரத்தால் நடைபெற்ற பெருந்தொழில் தந்தி ஒன்றே. தந்திக் கம்பிகளுக்கு வேண்டிய மின்சாரத்தை மின்கலங்களே அளித்தன. ஆதலால் தந்திப் பணியாளராகிய எடிசன் இளமை முதலே மின்கலங்களோடு பழகினார். பகற்பொழுதைப் படிப்பிற்கும் சோதனைக்கும் ஒதுக்கும் பொருட்டு, அவர் இரவுப் பணியையே விரும்பிப் பெற்றார்.

1867 ஆம் ஆண்டில் அவர் லூயிவில் நகரின் தந்தி அலுவலகத்தில் பணியாற்றினார். ஒரு நாள் இரவில் மின்கலத்தைக் கொண்டு சோதனை செய்கையில் கந்தக அமிலம் தரையில் சிந்திவிட்டது. அது பலகைகளின் இடுக்கு வழியே கீழ்த்தளத்தில் இருந்த மேலதிகாரியின் மேசைமீது சொட்டியது. மறுநாள் காலையில் எடிசன் வேலையை இழந்தார்.

அவருக்கு அப்போது வயது இருபது. அமிலம் நிறைந்த மின்கலம் எத்துணைத் தொல்லை தரக்கூடியது என்பதை அவர் அன்றே தம் அனுபவத்தில் உணர்ந்தார். அமிலமே இல்லாத சேமக்கலம் ஒன்றைப் பிற்காலத்தில் அவரே தேடப் போகிறார் என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை.

மின்சாரம் வீடுகளுக்கு வந்தது

பின்னர் எடிசன் தந்திக் கருவிகளைச் செம்மைப்படுத்திப் பொருள் ஈட்டினார். 1876 ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்தின் மென்லோ பார்க் என்னும் இடத்தில் ஆய்வகம் அமைத்தார். மறு ஆண்டில் ஒலியைப் பதிவு செய்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை உருவாக்கி உலகை வியக்கச் செய்தார். 1879 ஆம் ஆண்டில் நெடுநேரம் எரியும் மின்னிழை விளக்கை உருவாக்கினார். 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் மின் உற்பத்தி நிலையத்தைத் திறந்து, அப்பகுதியின் கட்டடங்களுக்கு மின்சாரம் வழங்கினார். 1887 ஆம் ஆண்டில் வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில் இன்னும் பெரியதோர் ஆய்வகத்தை நிறுவினார்.

மின் உற்பத்தியில் பெரும் இடர்ப்பாடு ஒன்று இருந்தது. மின்சாரம் உண்டாக்கப்படும் அக்கணமே பயன்படுத்தப்பட வேண்டும். மாலையில் எல்லா விளக்குகளும் ஒருங்கே எரியும்போது தேவை உச்சத்தை அடையும். நள்ளிரவில் தேவை மிகக் குறையும். மிகுந்ததைச் சேர்த்து வைத்துக் குறைந்தபோது எடுத்துக்கொள்ள ஒரு கலம் தேவைப்பட்டது.

அத்தகைய கலம் ஒன்று முன்பே தோன்றியிருந்தது. 1859 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே, காரீயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு சேமக்கலத்தை உருவாக்கினார். 1881 ஆம் ஆண்டில் கமீல் ஃபோர் என்பவர் அதனை மேம்படுத்தினார். அக்காலத்தில் சேமக்கல வணிகத்தில் மிகைப்படுத்திய விளம்பரங்கள் மலிந்திருந்தன. அவற்றைக் கண்ட எடிசன் 1883 ஆம் ஆண்டில் சேமக்கலங்களைக் கடுமையாகச் சாடினார். பதினாறு ஆண்டுகள் சென்றபின், தாம் சாடிய அப்பொருளையே அவர் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்.

மூவகை வண்டிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நகரச் சாலைகளில் குதிரை பூட்டாத வண்டிகள் ஓடத் தொடங்கின. 1897 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் மின்சார வாடகை வண்டிகள் ஓடின. 1900 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏறத்தாழ 4,200 மோட்டார் வண்டிகள் உருவாயின. அவற்றுள் 1,681 நீராவியாலும், 1,575 மின்சாரத்தாலும், 936 பெட்ரோலாலும் இயங்கின. எது வெல்லும் என்பதை அன்று எவராலும் உறுதியாகக் கூற இயலவில்லை.

மின்சார வண்டி ஓசையின்றி ஓடியது, புகை கக்கவில்லை, கைப்பிடியைச் சுழற்றி அதனை இயக்க வேண்டிய தேவையும் இல்லை. எனினும் அதன் வயிற்றில் இருந்த காரீயச் சேமக்கலம் பெருஞ்சுமையாக இருந்தது. வண்டியின் ஆற்றலில் ஒரு பகுதி அச்சுமையை இழுப்பதிலேயே செலவாயிற்று. குண்டும் குழியுமான சாலைகளில் தகடுகள் உதிர்ந்தன. அமிலம் பிற பாகங்களை அரித்தது. சில காலத்திலேயே கலத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

இங்கு ஒரு நிகழ்ச்சி நினைவுகூரத்தக்கது. 1896 ஆம் ஆண்டில் எடிசனின் பெயரால் டெட்ராய்ட் நகரில் நடைபெற்ற மின் நிறுவனத்தில் இளம் பொறியாளர் ஒருவர் பணியாற்றினார். அவர் ஓய்வு நேரத்தில் பெட்ரோல் வண்டி ஒன்றை உருவாக்கியிருந்தார். ஒரு விருந்தின்போது அவருடைய முயற்சியைக் கேட்டறிந்த எடிசன், அதனைக் கைவிடாமல் தொடருமாறு ஊக்குவித்தார். அவ்விளைஞரே பின்னாளில் புகழ்பெற்ற ஹென்றி ஃபோர்டு. தம் மின்சார வண்டிக் கனவிற்குப் போட்டியாக வளரப்போகும் முயற்சியை எடிசன் தாமே வாழ்த்தி வளர்த்தார்.

புதிய தேடல்

1899 ஆம் ஆண்டில் எடிசனுக்கு வயது ஐம்பத்திரண்டு. இரும்புத் தாதைக் காந்தத்தால் பிரித்தெடுக்கும் தொழிலில் இறங்கி, அதில் பெரும்பொருளை இழந்திருந்தார். வேறொருவராயின் ஓய்வை நாடியிருப்பர். அவரோ இலேசான, உறுதியான, நெடுநாள் உழைக்கும் சேமக்கலத்தை உருவாக்க முற்பட்டார்.

காரீயத்தையும் அமிலத்தையும் ஒருசேர விலக்குவது அவருடைய முதல் முடிவு. அமிலத்திற்கு மாற்றாகக் காரக் கரைசலைத் தேர்ந்தார். அக்கரைசல் இரும்பை அரிக்காது. ஆகவே கலத்தின் உறையை எஃகினால் செய்ய இயலும். இனி, அக்கரைசலில் மூழ்கியிருந்து மின்னாற்றலை ஏற்றும் திருப்பியும் தரத்தக்க இரு பொருள்கள் வேண்டும். அப்பொருள்கள் எவை?

அவ்வினாவிற்கு விடை காண எடிசனும் அவருடைய உதவியாளர்களும் இரவு பகலாக உழைத்தனர். ஓர் உலோகத்தை எடுப்பர், மற்றொன்றோடு இணைப்பர், அளப்பர், விலக்குவர், அடுத்ததை எடுப்பர். சோதனைகளின் எண்ணிக்கை ஒன்பதாயிரத்தைத் தாண்டியது என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். இத்தனைக்குப் பிறகும் பயன் விளையவில்லையே என நண்பர் ஒருவர் வருந்தினார். பயன்படாத பொருள்கள் இவையிவை எனப் பல ஆயிரம் பொருள்களைப் பற்றி அறிந்ததே பெரும்பயன் என்பது எடிசனின் எண்ணமாக இருந்தது.

இறுதியில் நேர்முனைக்கு நிக்கலின் சேர்மமும் எதிர்முனைக்கு இரும்பும் தேர்வாயின. சுவீடன் நாட்டில் வால்டெமார் யுங்னர் என்னும் அறிஞரும் அதே காலத்தில் இவ்வகைக் கலங்களை ஆராய்ந்து வந்தார். யார் முந்தியவர் என்பதில் இருவருக்கும் காப்புரிமை வழக்கும் நேர்ந்தது. அறிவியல் வரலாறு இன்று அவ்விருவரையும் ஒருங்கே நினைவுகூர்கிறது.

கலம் இயங்கும் முறை

எடிசனின் கலம் இயங்கும் முறை எளிமையானது. ஈரத்தில் கிடக்கும் இரும்பு துருப்பிடிப்பதை எல்லோரும் கண்டிருக்கின்றனர். இரும்பு ஆக்சிசனோடு சேர்வதே துருவாகும். கலம் மின்சாரம் தரும்போது எதிர்முனையிலுள்ள இரும்பும் ஏறத்தாழ அதைப் போன்றதொரு மாற்றத்தை அடைகிறது. அம்மாற்றத்தின்போது வெளிப்படும் எலக்ட்ரான்கள் கம்பி வழியே நேர்முனைக்குச் செல்கின்றன. அவ்வோட்டமே மின்சாரம். நேர்முனையிலுள்ள நிக்கல் சேர்மம் அந்த எலக்ட்ரான்களை ஏற்றுக்கொள்கிறது.

கலத்திற்கு வெளியிலிருந்து மின்சாரத்தைச் செலுத்தினால் யாவும் தலைகீழாக நிகழ்கின்றன. மாற்றமடைந்த இரும்பு மீண்டும் தூய இரும்பாகிறது. நிக்கல் சேர்மமும் பழைய நிலையை அடைகிறது. இவ்வாறு ஏற்றுவதும் இறக்குவதும் பல்லாயிரம் முறை நிகழலாம். உண்மையில் கலத்திற்குள் மின்சாரம் நீரைப்போல் தேங்கி நிற்பதில்லை. அது வேதி ஆற்றலாக உருமாறி உறங்குகிறது. வேண்டும்போது மின்னாற்றலாக விழித்தெழுகிறது. இவ்வகைக் கலம் ஒன்று ஏறத்தாழ 1.2 வோல்ட் மின்னழுத்தம் தரும். மிகுதியான மின்னழுத்தம் வேண்டுமாயின் பல கலங்களைத் தொடராக இணைப்பர்.

திரும்பப் பெற்ற கலங்கள்

1901 ஆம் ஆண்டில் சேமக்கல நிறுவனம் தொடங்கப்பட்டது. 1903 ஆம் ஆண்டில் புதிய கலங்கள் விற்பனைக்கு வந்தன. எடிசன் செய்தியாளர்களிடம் தம் கலத்தின் பெருமையை முன்கூட்டியே மிகுதியாகப் பேசியிருந்தார். மக்களின் எதிர்பார்ப்பும் அதற்கேற்ப உயர்ந்திருந்தது. கலங்களை வாங்க வண்டி உரிமையாளர்கள் பலர் முன்வந்தனர்.

ஆனால் ஓராண்டிற்குள் முறையீடுகள் வரத் தொடங்கின. சில கலங்களின் உறை இணைப்புகளில் கசிவு ஏற்பட்டது. சில கலங்கள் நாளடைவில் மின்னேற்கும் திறனை இழந்தன. நேர்முனையில் மின்சாரம் எளிதில் பாய்வதற்காகச் சேர்க்கப்பட்டிருந்த கிராஃபைட் சிதைவுற்றதே திறன் குறைந்ததற்குக் காரணம். எல்லாக் கலங்களும் பழுதாகவில்லை. குறையுடைய அந்நிலையிலும் அவை பழைய கலங்களைவிட மேலானவை எனக் கருதி வாங்க விரும்பியோர் இருந்தனர்.

எடிசனின் முன் இரண்டு வழிகள் இருந்தன. விற்பனையைத் தொடர்ந்தவாறே குறைகளை மெல்லத் திருத்தலாம். அவ்வழியில் பணமும் வரும்; பெயரும் உடனே கெடாது. தொழிற்சாலையை மூடிவிட்டு முதலிலிருந்து தொடங்குவது மற்றொரு வழி. அவ்வழியில் செலவிட்ட பணம் வீணாகும், பேசிய பெருமை நகைப்பிற்கு இடமாகும், காலமும் கடந்துவிடும்.

1904 ஆம் ஆண்டில் எடிசன் இரண்டாம் வழியைத் தேர்ந்தார். உற்பத்தியை நிறுத்தினார். விற்ற கலங்களுள் குறைபட்டவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தமக்கே நிறைவளிக்காத பொருளைத் தம் பெயரால் பிறருக்கு விற்க அவர் உடன்படவில்லை. அவசரப்பட்டுப் பெருமை பேசிய பிழையை, இழப்பை ஏற்றதனால் அவர் ஈடு செய்தார்.

ஐந்தாண்டு உழைப்பு

மீண்டும் சோதனைகள் தொடங்கின. இடையே காது நோய் முற்றி அறுவைச் சிகிச்சையும் செய்துகொள்ள நேர்ந்தது. அப்போதும் பணி நிற்கவில்லை.

கிராஃபைட்டிற்கு மாற்றாக உலோக நிக்கலையே பயன்படுத்துவது என முடிவாயிற்று. அதனைத் தாளினும் பன்மடங்கு மெல்லிய செதில்களாக்க வேண்டும். அதற்கு எடிசன் கண்ட முறை நுட்பமானது. ஒரு பரப்பின்மீது மின்முலாம் பூசும் முறையில் செம்பை ஒரு படலமாகவும் நிக்கலை ஒரு படலமாகவும் மாறி மாறிப் படியச் செய்தனர். பின்னர் அப்படலங்களைச் சிறு துண்டுகளாக வெட்டிச் செம்பை மட்டும் கரைத்து நீக்கினர். எஞ்சியவை காற்றில் பறக்கும் அளவிற்கு மெல்லிய நிக்கல் செதில்கள். அச்செதில்களையும் நிக்கல் சேர்மத்தையும் துளைகள் இட்ட எஃகுக் குழாய்களில் அடுக்கடுக்காக இட்டு இறுக்கினர். குழாய்கள் உப்பிவிடாதபடி எஃகு வளையங்களை மாட்டினர். உறையின் இணைப்புகளைக் கசிவு நேராதவாறு பற்றவைத்தனர். காரக் கரைசலில் சிறிதளவு லித்தியம் சேர்மத்தைச் சேர்த்தபோது கலத்தின் திறன் மேலும் கூடியது.

இம்முறை எடிசன் அவசரப்படவில்லை. கலங்களை வண்டிகளில் ஏற்றி மிகக் கரடுமுரடான சாலைகளில் ஓட்டச் செய்தார். கலத்தைத் தூக்கித் தூக்கிப் போடும் எந்திரம் ஒன்றை அமைத்துப் பல இலட்சம் முறை அதிரச் செய்தார். மாடிச் சன்னலிலிருந்து கீழே எறிந்தும் பார்த்தனர். அத்தனைக்கும் பிறகே 1909 ஆம் ஆண்டில் புதிய கலம் விற்பனைக்கு வந்தது. தேடல் தொடங்கிப் பத்தாண்டுகள் கடந்திருந்தன.

கைநழுவிய கனவு

பத்தாண்டுகளில் உலகம் மாறியிருந்தது. 1908 ஆம் ஆண்டின் இறுதியில் ஹென்றி ஃபோர்டு மலிவான பெட்ரோல் வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1911 ஆம் ஆண்டில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் பெட்ரோல் வண்டியை மின்சாரத்தால் தொடக்கும் கருவியை உருவாக்கினார். கைப்பிடியைச் சுழற்றும் துன்பமும் அதனால் நீங்கியது. அக்கருவிக்கு மின்சாரம் தந்தது பழைய காரீயச் சேமக்கலமே. 1914 ஆம் ஆண்டில் எடிசனும் ஃபோர்டும் இணைந்து மலிவான மின்சார வண்டியை உருவாக்க முயன்றனர். அம்முயற்சி கைகூடவில்லை. எடிசன் எந்த நோக்கத்திற்காகக் கலத்தை உருவாக்கினாரோ அந்நோக்கம் அவர் கண்முன்னரே கைநழுவியது.

ஆயினும் அவருடைய உழைப்பு வீண்போகவில்லை. இரயில்வே சைகை விளக்குகளுக்கும், தொடர்வண்டிப் பெட்டிகளின் விளக்குகளுக்கும், நகர்க்குள் சரக்கு கொண்டுசெல்லும் வண்டிகளுக்கும் எடிசனின் கலம் பயன்பட்டது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் தலைவிளக்கிற்கு அது ஆற்றல் அளித்தது. அதற்கு முன் சுரங்கத்தில் தீச்சுடர் விளக்குகளையே ஏந்திச் சென்றனர். சுரங்க வளி அச்சுடரால் தீப்பற்றி வெடிக்கும் இடர் இருந்தது. சுடரற்ற மின்விளக்கு அவ்விடரைக் குறைத்தது. எடிசனின் முதுமையில் அவருக்கு மிகுந்த வருவாய் ஈட்டித் தந்த பொருள்களுள் சேமக்கலம் முதன்மையானது.

1912 ஆம் ஆண்டில் எடிசன் மற்றொரு வழியையும் காட்டினார். ஊர் மின்கம்பியோடு இணைப்பில்லாத ஒரு வீட்டை, சிறு எந்திரத்தால் மின்னேற்றப்பட்ட சேமக்கலங்களைக் கொண்டே ஒளிரச் செய்தார். மின்கம்பி எட்டாத இடங்களிலும் மின்சாரம் பெறலாம் என்பதை அவ்வீடு உணர்த்தியது.

எடிசனின் கலத்திற்குக் குறைகளும் இருந்தன. அதன் விலை மிகுதி. கடுங்குளிரில் அதன் திறன் குன்றியது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் மின்னேற்றம் மெல்லக் குறைந்தது. மின்னேற்றும்போது எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயு வெளிப்பட்டது. 1916 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இக்கலங்கள் பொருத்தப்பட்ட அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று கடற்படைக் கப்பல் தளத்தில் நின்றபோது, தேங்கிய ஐதரசன் வெடித்துச் சிலர் உயிரிழந்தனர். ஆற்றலைச் சேமிக்கும் எந்தக் கலத்தையும் விழிப்புடன் கையாள வேண்டும் என்பதை அத்துயரம் உணர்த்தியது.

எடிசன் 1931 அக்டோபர் 18 அன்று தம் எண்பத்து நான்காம் வயதில் மறைந்தார். அவர் பெயரில் அமெரிக்காவில் 1,093 காப்புரிமைகள் பதிவாகியிருந்தன. அவர் உடல் அடக்கம் செய்யப்பட்ட நாளின் இரவில், அந்நாட்டு மக்கள் ஒரு நிமிடம் விளக்குகளைக் குறைத்து அவருக்கு அஞ்சலி செலுத்தினர்.

சேமக்கலத்தின் இன்றைய தேவை

எடிசன் சந்தித்த வினா இன்று புதிய வடிவில் உலகின்முன் நிற்கிறது. நிலக்கரியை வேண்டும்போது எரிக்கலாம். கதிரவனை வேண்டும்போது அழைக்க இயலாது. நண்பகலில் சூரியத் தகடுகள் மிகுந்த மின்சாரம் தருகின்றன. மக்கள் வீடு திரும்பி விளக்கேற்றும் மாலையிலோ கதிரவன் மறைந்துவிடுகிறான். காற்றும் அவ்வாறே, வீசும் நாளும் உண்டு, ஓயும் நாளும் உண்டு. பகலின் மிகுதியை இரவின் தேவைக்குக் கொண்டுசேர்க்கும் பாலமாகச் சேமக்கலம் விளங்குகிறது.

1991 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலம் இத்துறையில் பெரும் மாற்றத்தை உண்டாக்கியது. கைப்பேசியிலும் மின்சார வண்டியிலும் உள்ள அதே வகைக் கலங்கள், இன்று பெரும் பெட்டகங்களில் அடுக்கப்பட்டு மின் நிலையங்களில் நிற்கின்றன. தில்லியின் ரோகிணி பகுதியில் 2019 ஆம் ஆண்டில் 10 மெகாவாட் திறனுள்ள சேமக்கல நிலையம் தொடங்கப்பட்டது. சூரியக் கோயிலுக்குப் பெயர்பெற்ற குஜராத்தின் மோதேரா ஊரில், சூரிய மின்சாரத்தை இரவுக்கும் சேமித்துத் தரும் அமைப்பு 2022 ஆம் ஆண்டில் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. அங்கே பகலில் கதிரவன் தந்த ஒளி இரவில் வீட்டு விளக்காக மீண்டும் எரிகிறது.

எடிசனின் நிக்கல் இரும்புக் கலமும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பல பத்தாண்டுகள் உழைக்கும் அதன் உறுதிக்காக, மின்கம்பி எட்டாத இடங்களில் உள்ள சில சூரிய மின் வீடுகளில் அது இன்றும் பயன்படுகிறது. அவ்வுறுதி 1904 ஆம் ஆண்டில் தொழிற்சாலையை மூடிய முடிவிலும், அதன்பின் வந்த ஐந்தாண்டு உழைப்பிலும் பிறந்தது. வண்டிகளுக்கான போட்டியில் எடிசன் தோற்றார். ஆனால் விலை கொடுத்து வாங்கியவர் நம்பத்தக்க ஒரு பொருளை விட்டுச் சென்றார்.

சொற்பொருள்

சேமக்கலம் – மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தத்தக்க மின்கலம்
குதிர் – தானியம் சேமிக்கும் பெருங்கலம்
காரீயம் – ஈயம் என வழங்கும் கனமான உலோகம்
சேர்மம் – இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தனிமங்கள் வேதியியல் முறையில் சேர்ந்த பொருள்
இடர்ப்பாடு – தொல்லை, சிக்கல்
முறையீடு – குறை கூறி விண்ணப்பித்தல்
வளி – காற்று, வாயு

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. காரீயச் சேமக்கலத்தை 1859 ஆம் ஆண்டில் உருவாக்கியவர் __________.
2. எடிசனின் கலத்தில் எதிர்முனையாக அமைந்த உலோகம் __________.
3. செம்பும் நிக்கலும் மாறி மாறிப் படிய __________ பூசும் முறை பயன்பட்டது.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. லூயிவில் நகரில் எடிசன் வேலையை இழந்தது ஏன்?
2. தொடக்க கால மின்சார வண்டிகளின் குறைகள் யாவை?
3. சுரங்கத் தொழிலாளர்களுக்கு எடிசனின் கலம் எவ்வாறு உதவியது?

இ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. 1904 ஆம் ஆண்டில் எடிசன் எடுத்த முடிவு சரியானதா? உம் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.
2. சூரிய மின்சாரத்திற்குச் சேமக்கலம் இன்றியமையாதது என்பதை விளக்குக.

ஈ. சேர்த்து எழுதுக.
1. மின் + ஆற்றல்
2. தலை + விளக்கு
3. அ + குறை

உ. செயல்பாடு
நீவிர் வாழும் ஊரில் மின்தடை ஏற்படும்போது வீடு, கடை, மருத்துவமனை ஆகிய இடங்களில் மின்சாரம் எவ்வாறு பெறப்படுகிறது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து பத்துத் தொடர்களில் எழுதுக. மின்சாரம், விளக்கு, கதிரவன் ஆகியவற்றிற்கு அவ்வூர் மொழியில் வழங்கும் சொற்களைத் தமிழ்ச் சொற்களோடு அட்டவணைப்படுத்துக.